எனக்கு வந்தத வுடவா?

கீழ்வீட்டம்மா செத்த செய்தி எனக்கு வாட்ஸப்பில் வந்தது. மருமகள் பவானிதான் அனுப்பியிருந்தாள். மாலை போட்ட படம், அதன் கீழே எடுக்கும் நேரம், அவ்வளவுதான். தொண்டையில் புற்று என்றும், முற்றிப் போன பிறகுதான் தெரிந்தது என்றும் பிறகு அந்தத் தெருக்காரர்கள் சொன்னார்கள். நான் அதற்குள் அந்த வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போயிருந்தேன். சாவுக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லலாம், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். போனால் அந்தம்மா ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, "இந்தத் தெருவுல மத்தவங்க செத்ததெல்லாம் ஒரு சாவா? நான் செத்தேன் பாரு, அது சாவு" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

திருவிடந்தையில் ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவில் அவர் வீடு. கீழே அவரும் மகனும் மருமகளும். மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. தெற்கேயிருந்து பிழைக்க வந்த தனிப் பெண் என்பதால் எனக்கு வீடு கிடைத்ததே பெரிது. அட்வான்ஸ் குறைவு. அது ஏன் குறைவு என்று குடிபோன அன்றைக்கே தெரிந்துவிட்டது.

காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கால் பிசகிவிட்டது. கணுக்கால் கண்முன்னே வீங்கியது. படியிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அந்தம்மா வெளியே வந்தார். காலைப் பார்த்தார்.

"இன்னா, சுளுக்கா? எனக்கு வந்தத வுடவா? எனக்கு மூணு எடத்துல எலும்பு முறிஞ்சிது. அந்தக் கால வெச்சிகினு ஊட்டுக்கு வந்த அத்தினி பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டேன்."

என்ன தைரியசாலி என்று நான் வலியோடு வியந்தேன். பிறகு அந்தக் கால் இரண்டு இடத்தில் முறிந்ததாக ஒருமுறையும், நான்கு இடத்தில் முறிந்ததாக ஒருமுறையும் கேட்டேன். கேட்கிற ஆளின் வலியைப் பொறுத்து எலும்பு முறியும். எதிராளிக்கு ஒரு நோவு வந்தால், அது தன் வீட்டிலிருந்து திருட்டுப் போனது என்று நினைக்கிற ஆள் அவர். திருடனிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விடுவார்.

குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கூடையோடு வருவார். அவர் மகனுக்குப் படகு இன்ஜினில் கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். கீழ்வீட்டம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தன் இடது கட்டைவிரலை நீட்டி, எப்போதோ அரிவாள்மணையில் அறுத்துக்கொண்ட தழும்பைக் காட்டினார். "இத்த பாரு. எலும்பு தெரிஞ்சிது. நான் ஒரு சொட்டு கண்ணீரு வுடல."

மீன்காரம்மா அந்தத் தழும்பையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "ஆமாம்மா, உன்னுதுதான் பெருசு. சங்கரா போடட்டா?" என்றார். அன்றிலிருந்து அவர் தன் கதை எதையும் அந்த வாசலில் சொல்லவில்லை. கூடையை இறக்கும்போதே, "இன்னிக்கு உனக்கு இன்னா நோவு?" என்று கேட்டுவிடுவார். இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேற்றைய மீனை இன்றைய மீனோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார். அந்தத் தெருவில் அந்தம்மாவைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தம்மாவின் வீட்டுக்காரர் போன கதையும் மீன்காரம்மா சொன்னதுதான். கல்பாக்கம் பக்கம் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த மனிதர். ஒரு சாயங்காலம் இடது கை இழுக்கிறது, மார் அடைக்கிறது என்றாராம். அந்தம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, தனக்கு ஒருமுறை வந்த வாயு வலியை ஆதியோடந்தமாகச் சொன்னாராம். சொல்லி முடித்துவிட்டு "நீ இன்னாடான்னா இதுக்கே" என்று நிமிர்ந்து பார்த்தபோது அவர் போயிருந்தாராம். கண் திறந்தே இருந்ததாம். மீன்காரம்மா கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால் அந்தம்மாவே தன் புருஷன் செத்ததைச் சொல்லும்போது, அன்றைக்குத் தனக்கு ஏறிய பிரஷரைத்தான் சொல்வார். அந்த மனிதர் செத்தது அந்தக் கதையில் ஓரமாக எங்கேயோ வரும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து, ஊரில் காரியம் முடித்துத் திரும்பி வந்திருந்தேன். அந்தம்மா காபி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அது நல்ல மனசுதான், மறுக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடிப் போனாரு?" என்று கேட்டார்.

"இருமல் இருந்துச்சும்மா. தூக்கத்துலயே போயிட்டார்."

"தூக்கத்துலயா? குடுத்து வெச்சவரு. எங்க நைனா இழுத்துகினு கெடந்தாரு பாரு…"

அவருடைய நைனா எப்படி இழுத்தார், எங்கெங்கே புண் வந்தது, என்னென்ன வாடை அடித்தது என்று காபி ஆறி ஆடை படியும் வரை சொன்னார். எனக்கு அப்பாவின் நினைவு வந்து அடக்க முடியாமல் அழுதேன். அந்தம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"அழுவாத. எங்க நைனாவுக்கு நீ எதுக்கு அழுவுற?"

அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்கு விழுந்த வெறுப்பு கடைசிவரை போகவில்லை. போகட்டும் என்று நான் முயற்சி செய்யவுமில்லை.

இப்படிப்பட்டவருக்கு மகன் ஒருநாள் செல்போனில் டாக்டரைப் போட்டுக் கொடுத்தான். வீட்டிலிருந்தபடியே வீடியோவில் டாக்டரைப் பார்த்து, மருந்துச் சீட்டும் செல்லுக்கே வந்துவிடும் ஏற்பாடு. மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பவன். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக நேரமில்லாமல் செய்தது. அந்தம்மாவுக்கோ அது வரப்பிரசாதம். கிளினிக் என்றால் பக்கத்து நாற்காலியில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஏதாவது இருக்கும். அவனை ஜெயித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செல்லில் அந்தப் போட்டியே இல்லை. எதிரே ஒரு டாக்டர், இவர் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டு. இருமல் வந்தால் கூப்பிடுவார். இருமல் நின்றால், நின்றுவிட்டதே என்று கூப்பிடுவார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டை அழுத்தி வைத்து, ஜன்னலைப் பார்த்து உட்காருவார். செல்லை மிக்ஸி மேல் சாய்த்து வைப்பார். தொண்டையைக் காட்ட வேண்டும் என்றால் வெளிச்சம் போதாது. அப்போது கரண்டியால் மாடிப்படிக் கம்பியைத் தட்டுவார். "மேல்வூட்டுப் பொண்ணே, டார்ச்சு!" நான் என் செல்லோடு இறங்கிப் போய், அவர் திறந்த வாய்க்கு நேராக வெளிச்சம் அடித்துக்கொண்டு நிற்பேன். குறைந்த அட்வான்ஸுக்கு அதுவும் சேர்த்தி.

பவானி படாளத்துப் பெண். அப்பா அம்மா கரும்பு வெட்டப் போய் பி.காம். படிக்க வைத்த பெண். வந்த புதிதில் வெள்ளந்தியாகச் சத்தம் போட்டுச் சிரிப்பாள். மாடி வரை கேட்கும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அவளுக்கு ஒரு தை மாசத்தில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு அதில் துப்பியபடியே சமையல் செய்தாள். மாமியார் உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொன்னார். காய்ச்சல் இறங்காமல் போக, வேலைக்குக் கிளம்பிய புருஷன், "செல்லுல டாக்டருக்குக் காட்டிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். கரண்டிச் சத்தம் கேட்டது. இறங்கினேன்.

டாக்டர் ஒரு இளம் பெண். "பேஷண்ட் பேர், வயசு சொல்லுங்க" என்றார்.

"எனக்கு அறுவத்தி ஒண்ணு" என்றார் கீழ்வீட்டம்மா. பவுடர், பொட்டு, எல்லாம் தயார்.

"உங்களுக்கா தொண்டை வலி?"

"மருமவளுக்கு. ஆனா மொதல்ல எனக்கு வந்தத சொல்லிட்றேன் டாக்டரு, அப்பதான் உங்களுக்குப் புரியும்."

டாக்டர் பொறுமைசாலி. கொஞ்சம் கேட்டுவிட்டு, செல்லைப் பவானி பக்கம் திருப்பச் சொன்னார். "இருமல் இருக்கா?" என்று கேட்டார். பவானி இல்லை என்று தலையாட்டினாள். "கீது, கீது" என்றார் மாமியார். இருமல் அவருக்குத்தான் இருந்தது. "யாருக்கும்மா இருக்கு? இருமல் இல்லாம இப்படி வலிச்சா அது வேற மாதிரி, அதனாலதான் கேக்கறேன்" என்று டாக்டர் குரலை உயர்த்தினார். கடைசியில், வாயைத் திறக்கச் சொன்னார். நான் டார்ச் அடித்தேன். உள்நாக்கின் இரண்டு பக்கமும் ரத்தச் சிவப்பாக வீங்கி, மேலே தயிர் சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"பேச வேண்டாம்மா. வலி எவ்வளவு, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள விரல்ல காட்டுங்க."

பவானி இரண்டு கைகளையும் தூக்கினாள். எட்டு விரல். கீழ்வீட்டம்மா பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தார். கீரைக்காம்பு ஒடிப்பது மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கினார். இரண்டு விரல் மிச்சம் விட்டார்.

"ரெண்டு போட்டுக்கோங்க டாக்டரு. எட்டு எனக்கு வந்தது."

டாக்டர் சிரித்துவிட்டார். மாமியார் மருமகள் விளையாட்டு என்று நினைத்திருப்பார். ஆனால் வேலையில் விளையாடவில்லை. இது பாக்டீரியா தொற்று மாதிரி தெரிகிறது, செங்கல்பட்டில் ஏதாவது லேபில் தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்து டெஸ்ட் பண்ணுங்கள், மாத்திரை பத்து நாள் சாப்பிட வேண்டும் என்றார். "காய்ச்சல் விட்டுடுச்சு, வலி போயிடுச்சுன்னு பாதியில நிறுத்தவே கூடாது. நிறுத்தினா பின்னால இதயத்தைப் பாதிக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கீழ்வீட்டம்மா செல்லை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தொண்ட வலின்னா இதயத்த சொல்லுது. படிச்ச படிப்பு அப்பிடி."

டெஸ்ட் எடுக்கப் போகவில்லை. மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. பவானி இட்லி சாப்பிட்டாள். நான்காம் நாள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் என் வாசலில் நின்று, "மாத்திரைய அத்த எடுத்து வெச்சிட்டாங்கக்கா. இப்ப நல்லாதான் கீது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கீழே போய்க் கேட்டேன். அந்தம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவைத் திறந்து காட்டினார். வீட்டில் யார் யாருக்கோ வந்த நோவெல்லாம் அரை அட்டை, கால் அட்டையாக அதில் கிடந்தன. பவானியின் அட்டையும் கிடந்தது.

"எனக்கு ஒரே மாத்திரையில நின்னுச்சு. இவளுக்கு மூணு நாளு குடுத்ததே ஜாஸ்தி. மிச்சத்த வெச்சா எனக்கு இருமலுக்கு ஆவும்."

"டாக்டர் பத்து நாள்னு சொன்னாங்களேம்மா."

"நீ இன்னா டாக்டரா? டார்ச்சு புடிக்கிறவ தானே?"

சொன்னபடியே அந்த மாத்திரைகளைத் தன் இருமலுக்குப் போட்டுக்கொண்டார். டாக்டரிடமிருந்து செல்லில் செய்தி வந்தது, மாத்திரை முழுவதும் சாப்பிட்டார்களா என்று. அந்தம்மா ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினார். எழுத்து சிரமம் அவருக்கு. கட்டைவிரல் சுலபம்.

சில வாரம் கழித்துப் பவானிக்கு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். அதற்கப்புறம் மணிக்கட்டு. "எனக்கு இருவது வருசமா மூட்டு" என்றார் மாமியார். பவானிக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு மாடி ஏறுனாலே வாங்கும்" என்றார் மாடி ஏறுவதை எப்போதோ விட்டுவிட்ட மாமியார். ஒருநாள் துணிப் பக்கெட்டோடு ஏறி வந்த பவானி என் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து நரம்பு குதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. புருஷனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. படாளத்துக்குப் போன் செய்தேன். அவள் அம்மாவும் தம்பியும் வண்டி பிடித்து வந்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன்.

தொண்டையில் வந்தது சரியாக ஆறாமல் இதயத்தின் வால்வைத் தின்றிருக்கிறது என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருஷம் போட வேண்டும். பிள்ளை பெற்றுக்கொள்வதென்றால் இதய டாக்டரைக் கேட்காமல் கூடாது. பவானிக்கு அப்போது இருபத்து மூன்று வயசு. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாமியார் மகனோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். அடிச்சா ராத்திரி பூரா அடிக்கும். யாருகிட்ட சொன்னேன்?" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் ஆரம்பித்தார். பவானியின் அம்மா அதிகம் பேசாதவர். கரும்புச் சோகை கிழித்த கை. எழுந்து வந்து சம்பந்தியம்மா முன்னால் நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துகினீங்க. அவ நோவையாவது அவளுக்கு வுடுங்கம்மா."

கீழ்வீட்டம்மா மகனைப் பார்த்து, "பாத்தியாடா, எப்பிடிப் பேசறாங்க? எனக்கு மயக்கமா வருது" என்றார். மகன் அம்மாவுக்குச் சோடா வாங்க ஓடினான். பவானி திரும்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை. மாமியாரையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படாளத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ஏன் வந்தே?" என்று நானே கேட்டுவிட்டேன். "தங்கச்சி கல்யாணம் நிக்கிதுக்கா. நான் போய் உக்காந்தா அவளுக்கு எவன் வருவான்?" என்றாள். அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை. ஊசிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போவாள். அந்த ஊசி போட்டால் இடுப்பு இரண்டு நாள் கல்லாகிவிடும் என்பாள். நொண்டிக்கொண்டே வந்து சோறு வடிப்பாள். "ஒரு ஊசிக்கு இந்த நொண்டு நொண்டுறா. எனக்குப் போட்டாங்க பாரு ஊசி…" என்று மாமியார் தொடங்கினால், பவானி தலையாட்டுவாள்.

"ஆமா அத்தே. உங்களுக்கு வந்தத வுடவா?"

முதல் தடவை கேட்டபோது கேலி என்றுதான் நினைத்தேன். குரலில் கேலி இல்லை. கோபம் இல்லை. பால் பொங்கும்போது அடுப்பைத் தணிப்பது மாதிரி அவ்வளவு பதவிசாகச் சொன்னாள். மாமியாருக்கோ தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டு ஆள் ஒருத்தி அவர் வலியை ஒப்புக்கொள்கிறாளே! "எம் மருமவ மாதிரி வராது. இன்னாமா கேட்டுக்குறா!" என்று தெருவெல்லாம் சொன்னார். செல்லையும் டாக்டரையும் மருமகளிடமே கொடுத்துவிட்டார். இருமினால் பவானிதான் டாக்டரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பவானியும் போட்டுக் கொடுத்தாள். காத்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு தீபாவளிக்கு முன்னால் அந்தம்மாவின் குரல் கம்மியது. இருமலும் கூட. இந்த இருமல் பழைய இருமல் மாதிரி இல்லை. எனக்கு மாடியில் கேட்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. இட்லி இறங்காமல் கஞ்சி, கஞ்சி இறங்காமல் தண்ணி என்று ஆனார். காது குத்துகிறது என்று கையால் காட்டினார். பொங்கல் வந்தபோது குரல் சுத்தமாகப் போய்விட்டது. மகனிடம் காட்டினால், "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணும்மா" என்று ஷூவை மாட்டிக்கொண்டு போனான். தெருவும் அதையே சொன்னது. மீன்காரம்மா மட்டும், "இன்னிக்கு உனக்கு இன்னா நோவு?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததைப் பார்த்து, மீன் போடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆயுசு முழுக்க ஒத்திகை பார்த்த வலி நிஜமாக வந்து நிற்கிறது. சொல்ல வாய் இல்லை. கடவுளுக்கும் கொஞ்சம் குரூரம் உண்டு போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானி மாடிக்கே வந்து கூப்பிட்டாள். "அக்கா, அத்தைக்கு டாக்டர் போடறேன். டார்ச்சு புடிக்கிறீங்களா?"

போனேன். ஜன்னலைப் பார்த்து அந்தம்மா உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பவானிதான் அவருக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்துவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் குங்குமத்தைத் தேய்த்துவிட்டாள். கழுத்தின் ஒரு பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. பவானி புடவைத் தலைப்பை இழுத்து அதன்மேல் அழகாகப் போர்த்திவிட்டாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

இந்தத் தடவை டாக்டர் ஒரு இளைஞர். "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

அந்தம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"தொண்ட கட்டிகினு கீது டாக்டர், கூட கொஞ்சம் இருமலு" என்றாள் பவானி.

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளாதான்."

அந்தம்மா தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். "காய்ச்சல் இல்லன்னு சொல்றாங்க டாக்டர்" என்றாள் பவானி.

"சாப்பிட முடியுதா?"

"நல்லா சாப்புடறாங்க."

"வாயைக் காட்டுங்க."

நான் டார்ச் அடித்தேன். பவானி செல்லைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். நாக்கும் பல்லும்தான் தெரிந்திருக்கும். அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. கண் என்னையே பார்த்தது. சொல்லேன் என்றது. அப்பாவின் காரியம் முடிந்து வந்த அன்றைக்கு என் முதுகைத் தட்டிக் கொடுத்த அதே கை.

"பெரிசா ஒண்ணும் தெரியல. குரல் ரெண்டு வாரத்துக்கு மேல சரியாகலன்னா கட்டாயம் நேர்ல வந்து காட்டணும்" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்றாள் பவானி. அவர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. பேச வேண்டாம். வலி பத்துக்கு எவ்வளவு? விரல்ல காட்டுங்க."

அந்தம்மா என் கையை விட்டார். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கினார். பத்து விரலும் விரிந்தன. பொட்டுக்குக் கீழே கண் இரண்டிலும் தண்ணீர் நிறைந்து நின்றது. இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

பவானி செல்லை மிக்ஸி மேல் சாய்த்தாள். குனிந்து, இரண்டு பக்கமும் விரிந்திருந்த அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்தாள். ஒரு விரலையும் மடக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, விலகாமல் தன் கைகளுக்குள் அழுத்திக்கொண்டாள்.

"வணக்கம் சொல்றாங்க டாக்டர்."

திரையில் அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே கைகூப்பினான். "வணக்கம்மா. உப்புத் தண்ணி கொப்பளிங்க, சரியாப் போயிடும்."

அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு என்ன? நான் டார்ச் பிடிக்கிறவள்தானே. அணைத்துவிட்டு மாடி ஏறினேன்.